குடியும் மனநோயும் கூடி வரும்போது: புறநோயாளிச் சிகிச்சைக்கு ஒரு வழிகாட்டி

மதுப்பழக்கம் முற்றிப்போன ஒருவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற தீர்மானம் ஒரு குடும்பத்தில் உண்டாவதற்கே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அவ்வாறு உண்டான பிறகும், 'எத்தனை நாள் உள்ளே வைத்துக்கொள்வார்கள், எவ்வளவு செலவாகும்?' என்ற கேள்வியே முதலில் எழுகிறதேயன்றி, வீட்டில் இருந்துகொண்டே, வேலைக்கும் போய்க்கொண்டே, குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்தும் ஆலோசனையும் பெற்றுத் திரும்புகிற மார்க்கம் ஒன்று உண்டு என்பது பலருடைய எண்ணத்துக்கே வருவதில்லை. சிகிச்சை என்றால் சுவரும் பூட்டும் உள்ள ஓரிடத்தில் ஒரு மாதமோ மூன்று மாதமோ அடைத்து வைப்பதுதான் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வலுத்துக் கிடக்கிறது. நாட்கூலியை இழக்க இயலாதவரும், ஊரார் அறிந்துவிடுவார்களே என்று கூசுகிறவரும், அந்த அபிப்பிராயத்தினாலேயே வைத்தியத்தின் வாசற்படியை மிதிக்காமல் இருந்துவிடுகின்றனர்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் நடத்தி 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையிலுள்ள இந்தியரில் 14.6 சதவீதத்தினர் மது அருந்துகின்றனர்; 2.7 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 2.9 கோடிப் பேர், அதை விட்டிருக்க முடியாத அடிமை நிலையில் இருக்கின்றனர். இத்தனை பேருக்கும் படுக்கை போட்டு வைத்தியம் செய்ய எந்த தேசத்தாலும் ஆகாது. நல்லவேளையாக, இவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவையும் இல்லை. இந்த அதிகாரம், வீட்டிலிருந்துகொண்டே பெறும் அந்தப் புறநோயாளிச் சிகிச்சையைப் பற்றியது. அதிலும் விசேஷமாக, குடியோடுகூட மனச்சோர்வோ, பதற்றமோ, சித்தப்பிரமையோ சேர்ந்திருப்பவரைப் பற்றியது.

இரண்டு நோயும் ஒருவரிடத்தில் கூடியிருப்பது அபூர்வமன்று. உறக்கமின்மைக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் மருந்தாகக் குடிக்கத் தொடங்கியவர் உண்டு. குடித்துக் குடித்தே உறக்கத்தையும் நெஞ்சின் அமைதியையும் தொலைத்தவர் உண்டு. உற்சாக வெறியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயில், வெறி ஏறிய நாட்களில் மட்டும் மிதமிஞ்சிக் குடிப்பவரும் உண்டு. முன்னாளில் மேல்நாட்டிலேயே இவர்கள் பட்ட பாடு பெரிது. குடிக்கு ஓர் இலாகா, மனநோய்க்கு வேறோர் இலாகா என்று பிரித்து வைத்திருந்த அமெரிக்காவில், 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வா' என்று ஒரு வாசலிலும், 'முதலில் மனதைச் சரிப்படுத்திக்கொண்டு வா' என்று மற்றொரு வாசலிலும் திருப்பியனுப்பப்பட்டவர் எண்ணற்றோர். 1980-களிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக் என்ற மனநல வைத்தியரும் அவருடைய சகாக்களும் செய்த பணியினால்தான், ஒரே குழுவினர் ஒரே காலத்தில் இரண்டையும் கவனிக்கும் முறை அங்கே வலுப்பெற்றது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்றை மட்டும் அதட்டி வண்டியை நேர்ப்படுத்த முயல்வது எவ்வளவு பயனற்றதோ, அவ்வளவு பயனற்றது ஒன்றை விட்டு ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம்.

நம் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவினை பெரும்பாலும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியானாலும், குடிக்காக வருபவரையும் மனச்சோர்வுக்காக வருபவரையும் அதே மனநலப் பிரிவின் வைத்தியர்தான் பார்க்கிறார். ஆகவே இங்கே பிரிவினை செய்கிறவர் வைத்தியரல்லர், நாம்தாம். ஓ.பி. சீட்டுடன் அந்த அறைக்குள் நுழைந்ததும், மனைவி குடியைப் பற்றி மட்டுமே சொல்கிறாள். கணவன் தூக்கம் வரவில்லை என்று மட்டுமே சொல்கிறான். அறைக்கு வெளியே இருபது பேர் காத்திருக்கும் நிலையில் வைத்தியர் எந்தப் பாதியைக் கேட்டாரோ அந்தப் பாதிக்கே மருந்து எழுதப்படுகிறது. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதச் செய்வதுதான் குடும்பத்தின் முதற் கடமை. இந்த அதிகாரத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

போவதற்கு முன் ஒரு தாள்

வைத்தியரிடம் போவதற்கு முந்திய நாள், நோயாளியும் அவர்மீது அக்கறையுள்ள ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு முழுத் தாளில் அவருடைய வாழ்க்கையை வருஷ வாரியாக எழுதிக்கொள்வது மிகுந்த பிரயோஜனம் தரும். முதன்முதலில் குடித்தது எந்த வயதில், தினக் குடியானது எப்போது, காலையில் எழுந்ததும் ஒரு 'கட்டிங்' போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலை வந்தது எந்த ஆண்டு என்பவற்றை இடப்பக்கத்திலும், துக்கம், பயம், சந்தேகம், காதில் குரல் கேட்டல், காரணமில்லாத களிப்பு, தற்கொலை எண்ணம் முதலியவை தோன்றிய காலங்களை வலப்பக்கத்திலும் குறிக்க வேண்டும். குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா என்பதும் அதில் இருக்கட்டும். அளவைச் சொல்லும்போது கூச்சமோ குறைத்துச் சொல்லும் வழக்கமோ கூடாது. நாளொன்றுக்கு எத்தனை குவார்ட்டர் என்பது மருந்தின் அளவை நிர்ணயிக்கிற விஷயம். பீடி, சிகரெட், பொட்டலப் புகையிலை, கஞ்சா, தூக்க மாத்திரை, வலி மாத்திரை எல்லாம் அந்தத் தாளில் ஏற வேண்டும்.

அந்தத் தாளின் மிக மதிப்புள்ள பகுதி, அவர் குடிக்காமலிருந்த காலங்களைப் பற்றிய குறிப்பு. குடியினால் உண்டான மனச்சோர்வு, குடியை நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களில், சில வேளைகளில் ஒரு மாதத்தில், பெரும்பாலும் தானே விலகத் தொடங்கிவிடும். தனியே வேர்கொண்ட மனச்சோர்வோ அப்படி விலகுவதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டறிய வைத்தியருக்கு ஒரு நீண்ட மதுவிலக்குக் காலம் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டு ஆண்களில் பலருக்கு அத்தகைய காலம் ஒன்று வாழ்க்கையில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலையணிந்து ஒரு மண்டலம் விரதமிருந்தாரே, அப்போது அவர் எப்படி இருந்தார்? மலைக்குப் போய் வந்த நாட்களில் உறங்கினாரா, சிரித்தாரா, அல்லது ஒரு துளி அருந்தாதபோதும் மூலையிலேயே முடங்கியிருந்தாரா? அண்டைவீட்டார் தம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் விரத நாட்களிலும் இருந்ததா? வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவருக்கும், ரமலான் நோன்பு நோற்றவருக்கும், வளைகுடா நாட்டில் மது கிடைக்காமல் ஒப்பந்தக் காலத்தைக் கழித்தவருக்கும் இதே கேள்விகள் பொருந்தும். இந்தக் கேள்விகளின் விடை, ரத்தப் பரிசோதனை எதுவும் தர முடியாத செய்தியை வைத்தியருக்குத் தந்துவிடும்.

அத்தகைய காலம் எதுவும் இல்லாவிட்டால் பாதகமில்லை. குடி தானாக நிற்கிற வரையில் மனநோய்க்கு மருந்து தர மாட்டேன் என்று வைத்தியர் சொல்ல வேண்டியதும் இல்லை. துக்கம் கடுமையாக இருந்தாலோ, குடிக்கு முன்பே நோய் இருந்ததாகத் தெரிந்தாலோ, முதல் நாளே இரண்டுக்கும் மருந்து தொடங்குவார். ஐயமிருந்தால் இரண்டு வாரம் அருகிலிருந்து கவனித்துப் பின் தீர்மானிப்பார். இரண்டும் முறையான வழிகளே.

முதல் ஏழு நாட்கள்

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது உடல் எதிர்த்தெழுகிறது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு, இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள், சித்தம் முற்றும் கலங்கிவிடும்; இரவா பகலா என்று தெரியாமல், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லித் தட்டிக்கொண்டும், லாரி ஓட்டுநரானால் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டும் இருப்பார். மாலை போட்ட மூன்றாம் நாள் இவ்வாறு நேர்ந்தால் சாமி வந்துவிட்டது என்றும், பேய் பிடித்தது என்றும், குடியை விட்டதால் பைத்தியமாகிவிட்டார் என்றும் கருதி, பூசாரியிடமோ, அதைவிடக் கேடாக, மறுபடியும் கடைக்கோ அழைத்துச் செல்வோர் உண்டு. இது உயிருக்கு ஆபத்தான நிலை. அந்த நிமிஷமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டியது.

ஆகையால் வீட்டிலிருந்தபடி குடியை நிறுத்துவது எல்லாருக்கும் தகாது. முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்போ சித்தக் கலக்கமோ வந்தவர், மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீர்க்கோவையோ உள்ளவர், ரத்த வாந்தி எடுத்தவர், இருதய வியாதி முற்றியவர், கர்ப்பிணி, தற்கொலை எண்ணத்தில் இருப்பவர், குரல் சொல்வதைக் கேட்டு நடப்பவர், துணைக்கு ஒருவரும் இல்லாத தனியர் ஆகியோர் முதல் வாரத்தையாவது ஆஸ்பத்திரிப் படுக்கையில் கழிப்பதே உசிதம். பிறகு புறநோயாளியாகத் தொடரலாம். மற்றவர்களுக்கு வைத்தியர் குளோர்டயஸிபாக்ஸைடு போன்ற மாத்திரையை முதல் நாள் அதிகமாகவும் பின்னர் நாளுக்கு நாள் குறைத்தும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடியுமாறு எழுதித் தருவார். ஈரல் கெட்டவருக்கு லோரஸிபாம் தருவது வழக்கம். இந்த மாத்திரைகள் நோயாளியின் கையில் இருக்கலாகாது. மனைவியோ தாயோ அண்ணனோ வைத்திருந்து வேளைக்கு வேளை எடுத்துத் தர வேண்டும். அன்று அவர் குடித்திருக்கிறார் என்று தெரிந்தால் தராமல் வைத்தியரைக் கேட்க வேண்டும். மதுவும் இந்த மாத்திரையும் வயிற்றில் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடக்கூடும். அந்த வாரம் முடிந்த பிறகு, 'அது இல்லாமல் தூக்கம் வரவில்லை' என்று மருந்துக்கடையில் தாமே வாங்கத் தொடங்கினால் ஓர் அடிமைத்தனத்துக்குப் பதில் மற்றொன்று குடியேறும். மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம். அந்த முதல் வாரத்தில் வண்டி ஓட்டவும், உயரத்தில் ஏறவும், கிணற்றில் இறங்கவும் விடலாகாது.

இங்கே நம்முடைய ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப்போய், 'ஒரு டிரிப் ஏற்றிவிடுங்கள்' என்று கேட்பது நமக்கு இயல்பு. குடிநோயாளியின் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் தயமினைத் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மூளை நிலைகுலைந்து, கண்கள் தள்ளாட, நடை தடுமாற, நினைவே அழிந்துபோகிற வியாதி மூண்டுவிடக்கூடும். குடிப்பழக்கம் உள்ளவர் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லி, தயமின் ஊசி போட வேண்டுமா என்று கேட்க வேண்டும். கௌரவத்தைப் பார்த்து மறைக்கிற ஒரு வார்த்தை, ஞாபகசக்தியை விலையாகக் கேட்டுவிடும்.

மருந்துகளின் குணமும் தோஷமும்

உடல் தெளிந்த பிறகு, குடி நாட்டத்தை அடக்குவதற்கென்று சில மருந்துகள் உண்டு. இவற்றுள் மிகப் பழையது டைசல்பிராம். 1940-களின் இறுதியில் கோப்பன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்ஸன் என்ற இருவர் வேறொரு காரியத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதை உட்கொண்டவர் மது அருந்தினால் உடம்பு சுமக்கமாட்டாமல் தவிப்பதைக் கண்டனர். முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தியும் படபடப்பும் உண்டாகி, ரத்த அழுத்தம் தாழ்ந்துவிடும். அந்த அச்சமே அம்மருந்தின் பலம். மனம் ஒப்பி, வீட்டார் பார்வையில் காலைதோறும் விழுங்குகிறவருக்கு அது நன்மை செய்கிறது.

ஆனால் 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பேருந்து நிலையச் சுவர்களில் கண்டு, எந்தப் பொடி என்று அறியாமலே சாம்பாரில் கலக்கும் வழக்கம் மாபெரும் அபாயம். அந்தப் பொடிகளில் சிலவற்றில் டைசல்பிராமே கலந்திருக்கலாம்; இருதயம் பலவீனமான ஒருவர் அது தெரியாமல் முழு பாட்டிலைக் குடித்தால் நேரக்கூடியது மரணம். குடும்பத்தின் தவிப்பு எனக்குத் தெரியாததன்று. இருந்தாலும், நோயாளி அறியாமல் இந்த மருந்தைத் தருவதை எந்தச் சந்தர்ப்பத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். அவருக்குச் சந்தேக வியாதி இருக்குமானால், 'சோற்றில் விஷம் வைக்கிறார்கள்' என்று அவர் சொல்வது அன்று முதல் பிரமையாக இராது, உண்மையாகவே ஆகிவிடும். அதன்பின் அந்த வீட்டில் எந்த மருந்தும் அவர் வாயில் இறங்காது.

டைசல்பிராம் உண்பவர், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை மதுவைத் தொடலாகாது. இருமல் டானிக்குகள் சிலவற்றில் மது சேர்ந்திருக்கும்; அரிஷ்டம், ஆசவம் முதலிய சித்த, ஆயுர்வேத ஔஷதங்களில் இயற்கையாகவே ஊறிய மது உண்டு. தசமூலாரிஷ்டம் ஜீரணத்துக்கு நல்லதென்று பாட்டி ஊற்றிக் கொடுத்தாலும் இவருக்கு ஆகாது. சித்தப்பிரமை நோய் உள்ளவருக்கு இம்மருந்து அந்த நோயைக் கிளறிவிடக்கூடும் என்பதால் வைத்தியர் பெரும்பாலும் தவிர்ப்பார். இதனால்தான் இரண்டு நோய்களையும் ஒரே சீட்டில் எழுத வேண்டும் என்று முன்னமே வற்புறுத்தினேன்.

நால்ட்ரெக்ஸோன் வேறு வகை. குடித்தால் உண்டாகும் இன்பத்தையும், முதல் கோப்பைக்குப் பின் இன்னும் வேண்டும் என்ற உந்துதலையும் அது மட்டுப்படுத்துகிறது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம். அபின் வர்க்கத்து வலி மாத்திரைகளை எடுப்பவருக்கு அது கடுமையான அவஸ்தையை உண்டாக்கும். இந்நாளில் சில இளைஞர் வலி மாத்திரைகளைப் போதைக்கெனப் பயன்படுத்துவதால், அந்த இரகசியத்தை வைத்தியரிடமாவது சொல்லிவிட வேண்டும். அக்காம்புரோசேட் நாளுக்கு மூன்று வேளை எடுக்க வேண்டியது. அதனால் ஈரலுக்குப் பாதகமில்லை, ஆனால் சிறுநீரகம் சரியாக இருத்தல் வேண்டும். இவற்றுள் எது யாருக்கு என்பதை ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்த பிறகே தீர்மானிப்பர்.

மனநோய்க்கான மருந்துகளைப் பற்றி நம்மிடையே இரண்டு தப்பெண்ணங்கள் உலவுகின்றன. அவை அடிமையாக்கிவிடும் என்பது ஒன்று. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸிட்டின் முதலியவை மதுவைப்போல ஆசையூட்டி அடிமைப்படுத்துவன அல்ல. பத்து நாளில் பலன் தெரியாவிட்டால் பயனில்லை என்பது மற்றொன்று. அவற்றின் குணம் முழுதும் தெரிய நான்கு வாரமோ ஆறு வாரமோ ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் பதற்றமும் வந்து, குணம் வருமுன் மருந்தை நிறுத்தியவர்களே அநேகர். இருமுனை நோய்க்கு லித்தியம் உண்பவருக்கு வாந்தி, பேதி, கடுமையான வியர்வை காரணமாக உடல் நீர் வற்றினால் அந்த மருந்தே விஷமாகிவிடும். குடித்துவிட்டு வாந்தியெடுக்கும் நாள் அத்தகைய நாள். மற்றொன்று பலருக்குத் தெரியாதது: பீடி, சிகரெட்டின் புகை, சித்தப்பிரமைக்குத் தரும் ஒலான்ஸபைன், குளோஸபைன் என்ற மருந்துகளை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடுகிறது, ஆகையால் ஒருவர் திடீரெனப் புகையை நிறுத்தினால் அதே அளவு மருந்து அதிகமாகி மயக்கம் தரும். புகையை விட வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். விடுகிற செய்தியை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதே.

ஆலோசனை

மருந்து நிற்கும் இடத்தில் பேச்சுத் தொடங்குகிறது. 'குடிக்காதே' என்ற உபதேசத்தை வீட்டில் ஆயிரம் முறை கேட்டவருக்கு ஆலோசகர் அதையே ஆயிரத்தோராம் முறை சொல்வதில்லை. எந்த நாள், எந்த வழி, எந்தத் துணை, எந்த மனநிலை அவரைக் கடைக்கு இட்டுச் செல்கிறது என்று அவரையே கண்டுபிடிக்கச் செய்கிறார். சம்பள நாள் சனிக்கிழமையானால் அன்று மாலை கூலியை மனைவி முதலாளியிடமே வாங்கிக்கொள்வது, சாவு வீட்டுக்குப் போகும்போது அடக்கம் முடிந்ததும் கூட்டத்தோடு நிற்காமல் திரும்பிவிடுவது, கடைக்கு எதிரேயுள்ள பேருந்து நிறுத்தத்துக்குப் பதில் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவது என்ற மாதிரியான சின்னஞ்சிறு ஏற்பாடுகளே அங்கே செய்யப்படுகின்றன. துக்கம் வந்தபோது எழுந்திருக்கவும், குளிக்கவும், வயலுக்கு ஒரு நடை போய்வரவும் அட்டவணையிட்டுப் பழக்குவது மனச்சோர்வுக்கும் மருந்து, குடிக்கும் மருந்து.

இதற்குப் பெரிய பட்டம் பெற்றவர்கள்தாம் வேண்டுமென்பதில்லை. கோவாவில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மிகுதியாகக் குடிப்பவரிடம் சில சந்திப்புகள் பேசியதன் பயனை ஆராய்ந்த சோதனை 2017-ஆம் ஆண்டில் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியாயிற்று. மூன்று மாதங்களில் குணமடைந்தவர் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவரைவிட அதிகமாயிருந்தனர். ஆகையால், பெரிய நகரத்துக்குப் போக வசதியில்லாதவர் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்டார ஆஸ்பத்திரிக்கு வரும் நாளை விசாரித்துக்கொள்வது போதும். சென்னையில் இருப்போருக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியும், 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. ஆஸ்பத்திரியும் உள்ளன.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்பதற்காக அமெரிக்காவில் 1935-இல் தோன்றிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தின் தமிழ்க் கூட்டங்கள் நம் ஊர்கள் பலவற்றில் நடக்கின்றன. அவற்றில் கட்டணமில்லை, பெயர் கேட்பதில்லை. குடியை விட்டவர் குடியை விட விரும்புகிறவரிடம் பேசுவதில் ஒரு விசேஷ சக்தி உண்டென்பதை மறுக்க முடியாது. ஆனால் எப்போதாவது ஓர் உறுப்பினர் அன்பின் மிகுதியால், 'மாத்திரையும் ஒரு போதைதான், அதையும் விட்டுவிடு' என்று சொல்லிவிடுகிறார். அந்த இயக்கத்தின் சொந்த வெளியீடே, உறுப்பினர் எவரும் வைத்தியர் வேலையைச் செய்யலாகாது என்று எச்சரித்திருக்கிறது. கூட்டத்துக்கும் போக வேண்டும். மாத்திரையையும் விழுங்க வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டால்

கரூர்ப் பக்கத்து நெசவுத் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று மாதம் தவறாமல் வந்தவர், மனச்சோர்வு தணிந்து முகம் தெளிந்தவர், மைத்துனன் கல்யாணத்தில் ஒரு நாள் குடித்துவிடுகிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை வைத்தியரைப் பார்க்க வேண்டிய நாள். 'எந்த முகத்தோடு போவது' என்று நின்றுவிடுகிறார். சீட்டு தேதி தவறுகிறது. சோர்வுக்கான மாத்திரையும் தீர்கிறது. ஒரு மாதத்தில் பழைய குடியும் பழைய துக்கமும் சேர்ந்தே திரும்புகின்றன. இங்கே அவரைக் கவிழ்த்தது கல்யாணத்தில் குடித்த ஒரு நாள் அன்று; போகாமலிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான். குடித்த பிறகு வருகிற சந்திப்புத்தான் எல்லாச் சந்திப்புகளிலும் அவசியமானது என்பதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அவர் வர மறுத்தால் வீட்டார் மட்டுமாவது போய்ச் சொல்ல வேண்டும்.

மருந்தை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. குடி நாட்டத்தைத் தணிக்கும் மருந்துகளை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்வது வழக்கம். முதல் தடவை வந்த மனச்சோர்வுக்கு, முற்றும் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் மருந்து தொடரும். இருமுனை நோய்க்கும் சித்தப்பிரமைக்கும் பல ஆண்டுகள் வேண்டியிருக்கும். குடியை விட்டு ஓராண்டு ஆனதைக் கொண்டாடும் மகிழ்ச்சியில் இரண்டு மருந்துகளையும் ஒரே நாளில் தூக்கியெறிவோர் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே, வைத்தியர் சொல்படி குறைக்க வேண்டும்.

வீட்டாருக்கு

நோயாளியைக் கவனிக்கிறவளும் ஒரு மனுஷி என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பல ஆண்டு குடிநோயாளியின் மனைவிக்கும் மனச்சோர்வு இருப்பது சாதாரணம். அவளுக்கும் அதே பிரிவில் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். 'சிகிச்சையில் இருக்கிறார்' என்ற காரணத்துக்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 181 என்ற மகளிர் உதவி எண் அதற்காகவே இருக்கிறது.

வெறுத்துப்போய், ஆளைக் கட்டித் தூக்கிச் சென்று அடைத்து வைக்கும் 'மறுவாழ்வு மைய'த்தை நாடுவதற்கு முன், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவாலும் போதையாலும் உண்டாகும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த வகை மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. வைத்தியர் தினமும் வருகிறாரா, வீட்டார் பார்க்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கு மழுப்பலான விடை வருமிடத்தில் நோயாளியை விடலாகாது.

அவசர வேளை

குடியும் மனச்சோர்வும் சேர்ந்த இடத்தில் தற்கொலையின் நிழல் எப்போதும் உண்டு. இதைப் பற்றிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகக் கேட்பதனால் கெடுதல் இல்லை, கேட்காமலிருப்பதனால்தான் கெடுதல். போதையில் எடுக்கும் முடிவுகள் சில நிமிஷங்களில் எடுக்கப்படுபவை. ஆகையால் பூச்சிமருந்து, எலி மருந்து, மீந்த மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டை விட்டே அகற்ற வேண்டும். விவசாயக் குடும்பமானால் பூச்சிமருந்தை வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு வருமென்று தயங்கி, வீட்டில் உப்புக்கரைசல் கொடுத்து நேரத்தைப் போக்குவோர் உண்டு. மேற்சொன்ன சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவ்வாறு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது. உப்புக்கரைசல் கொடுப்பதும் வாந்தியெடுக்கச் செய்வதும் அபாயம்.

மனத் துயரத்துக்குப் பகலிலும் இரவிலும் தமிழில் பேசலாம் என்று அமைந்தது 'டெலி மானஸ்'. அதன் எண் 14416. போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச எண் 14446. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார ஆலோசனை எண்ணும் உண்டு. வலிப்பு, சித்தக் கலக்கம், ரத்த வாந்தி, விஷம் குடித்தல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் இந்த எண்களில் பேசிக்கொண்டிராமல் 108-ஐ அழைத்து, முதலில் வீட்டின் முகவரியையும் அடையாளத்தையும், பிறகு கடைசியாகக் குடித்தது எப்போது, என்ன மாத்திரைகள் நடக்கின்றன, விஷமானால் அதன் பெயர் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஓ.பி. சீட்டையும், மாத்திரை அட்டைகளையும், காலியான மருந்துப் புட்டியையும் ஒரு பையில் போட்டு ஆம்புலன்ஸிலேயே உடன் அனுப்ப வேண்டும்.